பார்கோடு 690-ல் ஆரம்பித்தால் சீனப் பொருளா? அந்த முதல் மூன்று எண்கள் சொல்வது என்ன?

கடையில் ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்ததும், அதைத் திருப்பி, கறுப்புக் கோடுகளுக்குக் கீழே இருக்கிற எண்ணை உத்துப் பார்க்கிறவரா நீங்க? அப்படின்னா இந்த மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். ‘பார்கோடு 890-ல ஆரம்பிச்சா நம்ம நாட்டுப் பொருள். 690-லேர்ந்து 699 வரைக்கும் இருந்தா சீனப் பொருள். வாங்காதீங்க, எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க!’

2020 ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நடந்த பிறகு, இந்த மெசேஜ் பல குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றியது. இன்றைக்கும் பண்டிகை சீசனில் யாராவது ஒருத்தர் தூசு தட்டி அனுப்பி வைக்கிறார்.

அந்த மெசேஜில் இருக்கிற எண்கள் சரிதான். ஆனால், அதிலிருந்து எடுக்கிற முடிவு தப்பு. எப்படின்னு பார்ப்போம்.

கோடு வந்த கதை

1974 ஜூன் 26. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரில் இருந்த சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பாக்கெட் ஸ்கேன் செய்யப்பட்டது. இன்று நாம் பார்க்கும் பார்கோடு பில் போடும் மேஜைக்கு வந்த முதல் நாள் அது. அமெரிக்கர்கள் பயன்படுத்தியது 12 இலக்க எண். 1977-ல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து, அதில் இன்னொரு இலக்கத்தைக் கூட்டி 13 இலக்கமாக்கின. இந்த எண்களை உலகம் முழுக்க ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கு இப்போது ஜி.எஸ்.1 என்று பெயர். இதற்கு நாடுகள்தோறும் கிளைகள் உண்டு. இந்தியக் கிளை 1996-ல் தொடங்கியது.

13 எண்களில் என்ன இருக்கு?

முதல் மூன்று இலக்கங்கள், எந்த நாட்டுக் கிளை அந்த எண்ணைக் கொடுத்தது என்பதைச் சொல்பவை. அதற்கடுத்து வருவது கம்பெனிக்கான எண். அதற்கடுத்து அந்தக் கம்பெனியின் குறிப்பிட்ட பொருளுக்கான எண். அரை கிலோ பாக்கெட்டுக்கு ஓர் எண், ஒரு கிலோ பாக்கெட்டுக்கு வேறு எண். கடைசி இலக்கம், முன்னால் இருக்கிற 12 எண்களும் சரியா என்று சோதிப்பதற்கு.

அந்தச் சோதனையை நீங்களே போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு 8901234567890 என்று வைத்துக்கொள்வோம். கடைசி 0-வை விட்டுவிடுங்க. 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களில் இருக்கிற எண்களைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் இருப்பதைக் கூட்டினால் 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டையும் கூட்டினால் 130. இதை அடுத்த முழுப் பத்தாக்க எவ்வளவு வேணும்? ஏற்கெனவே முழுப் பத்துதான், அதனால் 0. கடைசி இலக்கத்தோடு பொருந்துகிறதா? பில் போடுகிறவர் கையால் டைப் செய்யும்போது ஓர் எண்ணைத் தப்பாக அடித்தால், கம்ப்யூட்டர் இந்தக் கணக்கை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது.

எந்த எண், எந்த நாட்டுக் கிளை?

* 890 – இந்தியா
* 479 – இலங்கை
* 888 – சிங்கப்பூர்
* 955 – மலேசியா
* 629 – ஐக்கிய அரபு அமீரகம்
* 690 முதல் 699 வரை – சீனா
* 471 – தைவான்
* 489 – ஹாங்காங்
* 880 – தென் கொரியா
* 885 – தாய்லாந்து
* 450 முதல் 459, 490 முதல் 499 வரை – ஜப்பான்
* 300 முதல் 379 வரை – பிரான்ஸ்
* 400 முதல் 440 வரை – ஜெர்மனி
* 500 முதல் 509 வரை – பிரிட்டன்
* 930 முதல் 939 வரை – ஆஸ்திரேலியா

அமெரிக்கப் பொருள்களில் பெரும்பாலும் 12 இலக்கம்தான் இருக்கும். எண்ணும்போது ஒன்று குறையுதேன்னு பயப்பட வேண்டாம்.

அப்போ 890 இருந்தா இந்தியப் பொருள்தானே?

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். 890 என்பது, அந்தக் கம்பெனி இந்தியக் கிளையில் பதிவு செய்து எண் வாங்கியிருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. பொருள் எங்கே தயாரானது என்பதைச் சொல்லவில்லை. ‘இது பொருள் பிறந்த நாட்டைக் காட்டும் எண் அல்ல’ என்பதுதான் ஜி.எஸ்.1 அமைப்பின் நிலைப்பாடும்.

வண்டி நம்பர் மாதிரி நினைச்சுக்கோங்க. டி.என். என்று ஆரம்பித்தால், அந்த வண்டி தமிழ்நாட்டில் பதிவானது என்று தெரியும். வண்டியைச் செய்த ஃபேக்டரி ஹரியானாவிலா, மகாராஷ்டிராவிலா என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா?

இரண்டு பக்கமும் இது நடக்கும். இந்தியாவில் பதிவான ஒரு கம்பெனி, சீனாவில் செய்த பொம்மையை இறக்குமதி செய்து, தன் பிராண்டு அட்டைப்பெட்டியில் போட்டு விற்கலாம். அதில் 890 இருக்கும். மெசேஜை நம்பி வாங்குபவர், ‘நம்ம ஊர் பொருள்’ என்ற திருப்தியோடு அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவார்.

இதற்கு நேர்மாறானது இன்னும் வருத்தமானது. திருப்பூரில் நம்ம ஊர்ப் பெண்கள் தையல் மெஷினில் உட்கார்ந்து தைத்த டி-ஷர்ட், ஒரு ஜெர்மன் பிராண்டுக்காகப் போகிறது. அதில் அந்த ஜெர்மன் கம்பெனியின் எண்தான் இருக்கும், 4-ல் ஆரம்பிக்கும். எண்ணைப் பார்த்து ‘இது வெளிநாட்டுப் பொருள்’ என்று ஒதுக்கினால், நாம் ஒதுக்கியது யாருடைய உழைப்பை?

நாடே இல்லாத எண்கள்

உங்க வீட்டுப் புத்தகத்தின் பின்னட்டையைப் பாருங்க. 978 என்று ஆரம்பிக்கும். அப்படி ஒரு நாடே கிடையாது, அது புத்தகங்களுக்கான எண். ஆனால், 978-க்கு அடுத்து 81 அல்லது 93 இருந்தால், அது இந்தியப் பதிப்பகங்களுக்கு ஒதுக்கப்பட்ட எண். 977 வார, மாத இதழ்களுக்கானது.

சூப்பர் மார்க்கெட்டில் தக்காளியை எடை போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் இல்லையா? அது பெரும்பாலும் 2-ல் ஆரம்பிக்கும். கடைகள் தங்களுக்குள்ளேயே பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கப்பட்ட எண் வரிசை அது. எடையோ விலையோ அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கும். அந்தக் கடையைத் தாண்டினால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

பார்கோடில் விலை இருக்கா?

பாக்கெட்டில் அச்சிட்டு வரும் வழக்கமான 13 இலக்க எண்ணில் விலை, காலாவதி தேதி, தரம் எதுவும் இல்லை. ஸ்கேன் செய்ததும் ‘பீப்’ சத்தத்தோடு திரையில் வரும் விலை, கடையின் கம்ப்யூட்டரில் அவர்கள் ஏற்றி வைத்தது. அது பழைய விலையாகவோ தப்பான விலையாகவோ இருக்கலாம். அதனால், பில்லை பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி-யோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்க. எம்.ஆர்.பி-க்கு மேல் வாங்குவது சட்டப்படி தப்பு.

சரி, எந்த நாட்டுப் பொருள்னு எங்கே பார்ப்பது?

கோடுகளை விட்டுட்டு, பக்கத்தில் இருக்கிற பொடி எழுத்துகளைப் படிங்க. பாக்கெட் பொருள்களுக்கான 2011-ம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி சில விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

* ‘மேட் இன்’ அல்லது ‘கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்’ – இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டில் தயாரானது என்பது இங்கே இருக்கும்.
* ‘மேனுஃபேக்சர்டு பை’ – தயாரித்தவரின் பெயர், முகவரி.
* ‘இம்போர்ட்டட் பை’ – இந்த வரி இருந்தால் சந்தேகமே வேண்டாம், வெளிநாட்டிலிருந்து வந்த பொருள்.
* ‘மார்க்கெட்டட் பை’ – இது விற்பவரின் பெயர் மட்டுமே. நமக்குத் தெரிந்த கம்பெனி பெயர் இங்கே இருந்தால், தயாரித்ததும் அவர்கள்தான் என்று நினைத்துவிடாதீங்க.

உணவுப் பொருளாக இருந்தால், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்க. ஆன்லைனில் வாங்கும்போது, பொருள் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதை அந்தப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். விவரங்கள் இல்லையென்றாலோ, எம்.ஆர்.பி-யைவிட அதிகம் கேட்டாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

எந்த நாட்டுப் பொருளை வாங்கணும், எதை விடணும் என்பது உங்க விருப்பம், உங்க காசு. ஆனால், அந்த முடிவைச் சரியான வரியைப் படித்து எடுங்க. அடுத்த முறை குரூப்பில் அந்த மெசேஜ் வந்தால், ஃபார்வேர்டு செய்யும் முன், சமையலறையில் இருக்கிற ஏதாவது ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. பதில் அதிலேயே அச்சாகி இருக்கும்.