கால் அகட்டும் கார்!

கரையான்சாவடி கூட்ரோட்டில் நின்று மூன்று திசையைப் பாருங்கள். மேற்கே பெங்களூர் சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1990-ல் திறந்த மோட்டார் பந்தயத் தடம் அங்கேதான். வடக்கே ஆவடி வழியாகச் செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப்போர் சமயத்து விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் கார்கள் சீறிய ஊர். தெற்கே குன்றத்தூர், தாம்பரம் என்று போனால் வண்டலூர் பக்கம் ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும். நம் கதையின் நாயகி பிறந்தது அங்கே.

பெயர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

அறுபதுகளில் இந்தியாவில் கார் என்றால் மூன்றே வீட்டுப் பிள்ளைகள். கல்கத்தாவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஹெரால்டு. வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குப் பூட்டு. ஸ்போர்ட்ஸ் காரா? மூச்! புது ஃபியட்டுக்குப் பெயர் எழுதிவைத்துவிட்டு, பெண் கல்யாணமாகிப் பேரன் பிறக்கும்வரை காத்திருந்தவர்கள் உண்டு. ஆகவே, நடுத்தர வர்க்கத்துக்குப் பழைய கார்தான் கதி. கையில் இருக்கும் மொத்தச் சேமிப்பையும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவர் ஓட்டிச் சலித்த வண்டியை வாங்கிக்கொண்டு வரவேண்டும். வண்டி சொத்தையாக இருந்தால்? கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே 1986-ல்தான் வந்தது. தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவதுதான் ஒரே பாதுகாப்பு.

அந்த மெக்கானிக் ஹெரால்டின் முன்னால் போய் நிற்கமாட்டார். நேரே பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, இரண்டு பின்சக்கரங்களையும் பார்ப்பார்.

ஏன் பின்பக்கம்? அதற்கு இங்கிலாந்துக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும்.

ஐம்பதுகளில் கோவென்ட்ரி நகரின் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு ஒரு தலைவலி. அவர்களுக்கு கார் பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை 1953-ல் போட்டியாளரான பி.எம்.சி. விழுங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் வாங்க வழியில்லை. சரி, துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். இத்தாலியின் மிக்கெலோட்டி அழகாக வரைந்து கொடுத்தார். 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு பிறந்தது. சுண்டினால் வளைந்து திரும்பும். பானெட் மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். கூரையும் போல்ட்தான். கழற்றிவிட்டால் திறந்த கார்! ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்காத தேசத்தில் இந்த ரகசியம் எவ்வளவு பேரைச் சபலப்படுத்தியிருக்கும் என்று யோசியுங்கள். அப்படித் தலையைக் கழற்றிய ஹெரால்டுகள் நம் ஊரிலும் உலவின.

சபலத்துக்கு நியாயமும் இருந்தது. ஹெரால்டின் சேஸிஸைக் கொஞ்சம் குறுக்கி, மேலே வேறு சட்டை மாட்டி 1962-ல் இங்கிலாந்தில் விட்டார்கள். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் கார். 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. நம்ம வண்டலூர் ஹெரால்டுக்குக் கூடப்பிறந்த தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் அழகோடு அக்காவின் நோயும் தங்கைக்கு வந்தது.

நோய் இதுதான். அம்பாசடரில் பின்பக்கம் ஒரே உருட்டுக்கட்டை மாதிரி ஆக்ஸில். இரண்டு சக்கரமும் அதன் இரண்டு முனையில். ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் ஆட்டம் போடும். சவாரி கரடுமுரடு. ஆனால், மாட்டுவண்டி அச்சு மாதிரி நம்பகமானது. ஹெரால்டில் அப்படியில்லை. நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியலை சேஸிஸோடு கட்டிப்போட்டுவிட்டார்கள். அதிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு அரை ஆக்ஸில்கள் நம் தோளிலிருந்து கை தொங்குவது போலத் தொங்கும். தோளில் மட்டும் மூட்டு உண்டு, அதாவது யுனிவர்சல் ஜாயின்ட். மணிக்கட்டில் மூட்டு கிடையாது. கை மேலே போனால் உள்ளங்கையும் சாயும் அல்லவா? அதுபோலச் சக்கரமும் சாயும். இதற்கு ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். 1903-ல் எட்மண்ட் ரம்ப்லர் என்பவர் காப்புரிமை வாங்கிய பழைய யோசனை. ஃபோக்ஸ்வாகன் பீட்டில், போர்ஷே 356 எல்லாவற்றிலும் இருந்ததுதான்.

வேகமாக வளைவில் திரும்பும்போது டிரைவர் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தார் என்று வையுங்கள். பாரம் முன்பக்கம் ஓடும். பின்பக்கம் எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். டயர் தரையை விட்டுப் பிடி நழுவும். அப்புறம் சாமி விட்ட வழி!

அமெரிக்காவில் இதே ரக ஆக்ஸிலோடு 1960-ல் வந்தது செவர்லே கோர்வேர். கார் கவிழாமலிருக்க முன்டயரில் 15 பவுண்டு, பின்டயரில் 26 பவுண்டு காற்று வைக்கச் சொன்னது கம்பெனி. எந்த பெட்ரோல் பங்கில் இப்படிக் கணக்குப் பார்த்துக் காற்றடிப்பார்கள்? 1965-ல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வக்கீல் ஒரு புத்தகம் எழுதி, முதல் அத்தியாயத்திலேயே கோர்வேரைக் கூண்டில் ஏற்றினார். ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்தது? காரைவிட்டுவிட்டு நேடர் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியது. விஷயம் அம்பலமாகி, 1966-ல் செனட் விசாரணையில் கம்பெனித் தலைவரே மன்னிப்புக் கேட்டார். அதே வருஷம் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், 1972-ல் அரசு சோதனை செய்து, 'கோர்வேர் தன் காலத்துக் கார்களைவிட மோசமில்லை' என்றது. மற்ற கார்களும் அதே லட்சணம்தான் என்றும் இதைப் படிக்கலாம்!

சரி, மெட்ராஸுக்கு வருவோம். இங்கே ஹெரால்டுகள் வளைவில் கவிழ்ந்து குவியவில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிக்கும் மாட்டுவண்டிக்கும் நடுவே எங்கே போய் அந்த வேகம் எடுப்பது? சோழவரம் பந்தயத்தில் எடுக்கலாம். ஊருக்குள் முடியாது. நமக்கு வந்த வியாதி வேறு. பாரம்! அப்பா, அம்மா, பாட்டி, நாலு பிள்ளைகள், டிக்கியில் திருப்பதி மூட்டை. 948 சி.சி. குட்டி என்ஜின் இத்தனையையும் இழுக்கும். பின்னால் குறுக்கே கிடக்கும் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் எத்தனை நாள் தாங்கும்? அது தொய்ந்ததும் சக்கரங்கள் மேலே உள்வாங்கி, கீழே அகண்டு, கால் அகட்டி நிற்கும் பயில்வான் மாதிரி வண்டி நிற்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். யுனிவர்சல் ஜாயின்ட் கோணலாகச் சுழன்று தேயும். அரை ஆக்ஸில் முறிந்தால் ஆபத்து பெரிது. ஹப் அதன் முனையில்தான் உட்கார்ந்திருக்கிறது, சக்கரம் தனி வழி போய்விடும்.

மெக்கானிக் குந்தி உட்கார்ந்து பார்த்தது இதைத்தான். காலி வண்டியே கால் அகட்டினால் ஸ்பிரிங் அவுட். அடுத்து டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவுவார். பின்டயர் இரண்டும் புத்தம்புதுசு, முன்டயர் பழசு என்றால் சந்தோஷப்படாதீர்கள். தேய்ந்ததை மறைக்கத்தான் அந்தத் தாராளம். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுவார். 'டக்' என்று சத்தம் வந்தால் ஜாயின்ட் போச்சு. மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங் கதை தெரியும்.

அடுத்தது ஓட்டம். ஹெரால்டின் முதல் கியரில் சின்க்ரோமெஷ் கிடையாது. வண்டி நகரும்போது முதல் கியர் போட்டால் பல் கறகறக்கும். அது குறையல்ல, அதன் சுபாவம். உண்மையான பரீட்சை இரண்டாவது கியரில். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி, ஆக்ஸிலேட்டரை விட்டுவிட வேண்டும். லீவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால் கியர்பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும். இறக்கி என்று சொல்வதுகூடத் தப்பு. ஹெரால்டில் உள்ளே நடுமேட்டின் மூடியைக் கழற்றி, கார் வயிற்றுக்குள்ளிருந்து மேலே தூக்கித்தான் எடுக்க வேண்டும். பிரசவம்தான்!

சத்தமே வரவில்லையா? அப்போதும் விடக்கூடாது. தேய்ந்த கியர்பாக்ஸின் சத்தத்தை அடக்க ஆயிலில் மரத்தூளைக் கலப்பது உலகம் முழுக்கப் பழைய கார் வியாபாரிகளின் வித்தை. ரோல்ட் டால் 1988-ல் எழுதிய 'மாடில்டா' கதையில் வரும் அப்பாகூட அதைச் செய்துதான் சம்பாதிப்பார். ஆயில் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

முன்சக்கரத்தில் ஒரு பொறி உண்டு. சக்கரம் திருகித் திரும்பும் ட்ரனியன் என்ற பித்தளை மூட்டுக்குக் கெட்டியான கியர் ஆயில்தான் போடவேண்டும். நம்ம சர்வீஸ் ஸ்டேஷன் பையனுக்கோ எதைக் கண்டாலும் கிரீஸ் அடித்துத்தான் பழக்கம். கிரீஸ் மரைகளுக்குள் போய்ச் சேராது. உள்ளே துரு ஏறி ஒரு நாள் இரும்பு முறிய, முன்சக்கரம் மடங்கி உட்கார்ந்துவிடும். இங்கிலாந்திலும் இதே கதைதான்.

பின் ஆக்ஸிலுக்கு வைத்தியம் பிறந்ததா? பிறந்தது. ஸ்பிட்ஃபயருக்கு 1970-ன் கடைசியில். ஸ்பிரிங்கை டிஃபரன்ஷியலோடு இறுகக் கட்டாமல், பெரும்பாலான பட்டைகள் தராசுமுள் போல ஆட விட்டார்கள். மலிவான, கெட்டிக்கார வைத்தியம். சக்கரம் மடங்குவது பெருமளவு நின்றது. ஆனால் அதே 1970-ல்தான் லண்டனின் பிரிட்டிஷ் லேலண்டும் மெட்ராஸ் ஸ்டாண்டர்டும் உறவை முறித்துக்கொண்டன. ஏற்கெனவே 1968-ல் இங்கிலாந்தில் எப்போதுமே இல்லாத நான்கு கதவு ஹெரால்டைச் சொந்தமாகச் செய்து காட்டியவர்கள் நம்மவர்கள். 1972-ல் 'கெஸல்' என்று மானின் பெயரில் ஒரு காரை இறக்கினார்கள். அதே 948 சி.சி. என்ஜின். பின்பக்கம் மட்டும் ஸ்விங் ஆக்ஸிலைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய உருட்டுக்கட்டை ஆக்ஸில்!

காரணம்? ஸ்விங் ஆக்ஸிலை நம் ஊர்க்காரர்களும் மெக்கானிக்குகளும் நம்பவில்லை என்பதுதான். இதைப் பின்னடைவு என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. அமெரிக்காவில் நேடர் புத்தகம் எழுதியும், செனட் கூடியும் நடந்த ஒன்று, இங்கே குந்தி உட்கார்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிய மெக்கானிக்குகளால் நடந்திருக்கிறது. அவர்கள் வாயசைத்தால் பழைய ஹெரால்டின் விலை இறங்கும். பழசின் விலை இறங்கினால் புதுசு விற்காது. கம்பெனிக்கு அது புரிந்தது.

கெஸல் என்னவோ பிழைக்கவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியோடு சரி. 1985-ல் இங்கிலாந்தின் ரோவர் பாடிக்குள் பழைய வேன்கார்டு என்ஜினை வைத்து 'ஸ்டாண்டர்ட் 2000' என்று கடைசியாக ஒன்று வந்தது. பணக்காரச் சட்டை, பழைய இதயம். மூன்றே வருஷத்தில் அதுவும் போய், தொழிற்சாலைக் கதவும் மூடியது.

இப்போது ஹெரால்டு வாங்கத் துடிக்கும் இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டிய கார்களை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். தினசரி ஓட்ட முடியாது, வாடகைக்கு விட முடியாது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. சேஸிஸிலும் பாடியிலும் என்ஜினிலும் கைவைத்திருக்கக் கூடாது. ஸ்போர்ட்ஸ் கார் ஆசையில் அந்தக் காலத்தில் கூரையைக் கழற்றிப்போட்ட ஹெரால்டைப் பார்த்து மயங்குபவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தக் கூரை எந்த ஷெட்டில் கிடக்கிறது என்று கேட்டுவிடுவது நல்லது.