மலை இறக்கத்தில் ஃபிஃப்த் வீல் டிரெய்லர்

ஃபிஃப்த் வீல் டிரெய்லர் என்பது பிக்கப் டிரக்கின் பின்தளத்தில் தன் முன்பகுதியை ஏற்றிப் பூட்டிக்கொண்டு இழுபட்டு வரும் பெரிய டிரெய்லர். படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் அடங்கிய நடமாடும் வீடுகளாக இவை அமெரிக்காவிலும் கனடாவிலும் பெருமளவில் ஓடுகின்றன. கன்டெய்னர் லாரிகளில் முன்வண்டியையும் பின்வண்டியையும் பிணைக்கும் ஏற்பாடுதான் இங்கே சிறிய அளவில் இருக்கிறது. டிரெய்லரின் மூக்குக்கு அடியில் நீண்டிருக்கும் கிங்பின் என்னும் எஃகு முளை, டிரக்கின் பின் அச்சுக்கு நேர் மேலோ சற்று முன்னாலோ உள்ள தட்டில் பூட்டிக்கொள்கிறது. இத்தகைய வண்டியைச் செங்குத்தான மலைச்சாலையில் பத்திரமாக இறக்குவது பிரேக்கின் வலிமையைவிட, இறக்கம் தொடங்குமுன் ஓட்டுநர் தேர்ந்துகொள்ளும் வேகத்தையும் கியரையுமே அதிகம் சார்ந்திருக்கிறது.

அமைப்பும் அதன் எல்லையும்

டிரெய்லரின் எடையில் 15 முதல் 25 விழுக்காடு வரை கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்குகிறது. பின் பம்பருக்கு அருகே குண்டு இணைப்பில் மாட்டும் சாதாரண டிரெய்லர்களில் இது 10 முதல் 15 விழுக்காடுதான். 6 டன் எடையுள்ள ஃபிஃப்த் வீல் டிரெய்லர் 900 முதல் 1,500 கிலோ வரை டிரக்கின் பின் அச்சின் மேல் சுமத்துகிறது. இழுக்கும் புள்ளி அச்சின் மேலேயே அமைவதால், பின்வண்டி வாலாட்டுவது வெகுவாகக் குறைகிறது; பக்கக் காற்றையும், கடந்து செல்லும் கனரக லாரிகள் தள்ளும் காற்றையும் அது நன்றாகத் தாங்குகிறது. சமதளத்தில் இந்த நிதானம் பெரும் நன்மை. மலையில் அதுவே ஓட்டுநருக்குத் தவறான துணிச்சலையும் தரக்கூடும். வண்டி ஆடாமல் வருகிறது என்பதற்கும், வண்டியை நிறுத்த முடியும் என்பதற்கும் தொடர்பில்லை. ஆட்டத்தை இணைப்பு தடுக்கிறது. எடை கீழ்நோக்கித் தள்ளுவதை அது ஒரு துளியும் தடுப்பதில்லை. அதோடு, இவ்வகை டிரெய்லர்கள் பல 4 மீட்டர் வரை உயர்ந்து நிற்பவை. வளைவில் அவற்றைக் கவிழ்க்கப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவதால், வேகம் இருமடங்கானால் அந்த விசை நான்கு மடங்காகிறது.

வெப்பக் கணக்கு

மலை இறக்கத்தின் ஆபத்தைப் புரிந்துகொள்ள ஒரு சாலையை எடுத்துக்கொள்ளலாம். ஒரிகன் மாநிலத்தின் பெண்டில்டன் நகருக்குக் கிழக்கே, இன்டர்ஸ்டேட் 84 நெடுஞ்சாலையில் கேபேஜ் ஹில் என்றும் எமிகிரன்ட் ஹில் என்றும் அழைக்கப்படும் இறக்கம் உள்ளது. 6 விழுக்காட்டுச் சரிவில், 6 மைல் தூரத்தில், சாலை 2,000 அடி கீழே இறங்குகிறது. இடையே கொண்டை ஊசி போன்ற வளைவுகளும் உண்டு. டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 10 டன் என்றால், இந்த 610 மீட்டர் இறக்கத்தில் அவை இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 60 மெகாஜூல். அதே வண்டி மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் 3.1 மெகாஜூல்தான். ஆக, இந்த ஓர் இறக்கத்தில் கரைக்க வேண்டிய ஆற்றல், 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து வண்டியை ஏறத்தாழ 19 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். அதுவும் இடையில் ஆறுவதற்கு அவகாசமே இல்லாமல். அந்த 60 மெகாஜூலும் 150 கிலோ இரும்புக்குள் அப்படியே புகுந்து தங்கினால், இரும்பின் வெப்பநிலை 850 டிகிரி செல்சியசுக்கு மேல் உயரும். நடைமுறையில் ஒரு பகுதியைக் காற்றின் தடையும் டயர்களின் உராய்வும் வாங்கிக்கொள்கின்றன. வெளிக்காற்றும் பிரேக்கை ஓரளவு குளிர்விக்கிறது. ஆனாலும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

சூடேறிய பிரேக் பல வழிகளில் கைவிடுகிறது. பிரேக் லைனிங்கின் உராய்வுத் திறன் குறைகிறது. டிரம் விரிந்து லைனிங்கைவிட்டு விலகுகிறது. டிரக்கின் ஹைட்ராலிக் அமைப்பில் பிரேக் திரவம் கொதித்து ஆவியானால், மிதி தரைவரை அழுந்தியும் அழுத்தம் சக்கரத்தைச் சென்றடையாது. டாட் 3 தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது அதன் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிப் பழையதானபின் அந்த அளவு 140 டிகிரியாகச் சரிகிறது. சில ஆண்டுகள் மாற்றப்படாத திரவம் சமதளத்தில் எந்தக் குறையையும் காட்டாது. நீண்ட இறக்கத்தின் பாதியில்தான் தன் வயதைக் காட்டும். வெப்பம் ஏறிக்கொண்டிருப்பதைக் காட்டும் முள்ளும் இவ்வண்டிகளில் பெரும்பாலும் கிடையாது. வாடையும் புகையும் வரும்போது வேலை கைமீறத் தொடங்கியிருக்கும்.

எஞ்சினே முதல் பிரேக்

இந்த ஆற்றலைக் களைப்பின்றி நெடுநேரம் வாங்கிக்கொள்ளக்கூடிய உறுப்பு எஞ்சின். அதற்கு ரேடியேட்டரும் விசிறியும் எண்ணெய்ச் சுற்றும் உண்டு. கியரைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கும். அந்த உழைப்பில் வண்டியின் வேகம் மட்டுப்படும். பெட்ரோல் எஞ்சினில் மூடிய த்ராட்டில் வால்வு இந்தத் தடையைத் தருகிறது. டீசல் எஞ்சினில் பொதுவாகக் காற்றைக் கட்டுப்படுத்தும் அப்படியொரு வால்வின் தடை இல்லாததால் இயல்பான தடுப்பு குறைவு. அதை ஈடுகட்டவே புகைபோக்கும் வழியை நெரித்து எதிரழுத்தம் உண்டாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வந்தது. கனரக லாரிகளில் சிலிண்டருக்குள் அழுத்திய காற்றை உரிய கணத்தில் வெளியேற்றிவிடும் எஞ்சின் பிரேக் பயன்படுகிறது. அதன் பிறப்புக்கே ஒரு மலை இறக்கம்தான் காரணம். டீசல் எஞ்சின் முன்னோடியான கிளெஸ்ஸி கமின்ஸ் 1931-இல் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் லாரியில் இறங்கியபோது பிரேக்குகள் செயலிழந்தன. குறுக்கே சென்ற சரக்கு ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் வடிவமைத்த எஞ்சின் பிரேக்கை ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

எஞ்சினின் தடுப்பாற்றல் அதன் சுழற்சி வேகத்தைச் சார்ந்தது. சாலையில் வண்டி ஓடும் வேகத்தை நேரடியாகச் சார்ந்ததன்று. இக்கட்டுரையின் வாதம் முழுவதும் இந்த உண்மையின்மேல் நிற்கிறது. கேபேஜ் ஹில்லில் மணிக்கு 72 கிலோமீட்டரில் இறங்கினால் புவியீர்ப்பு தரும் திறன் ஏறத்தாழ 120 கிலோவாட். 48 கிலோமீட்டரில் இறங்கினால் ஏறத்தாழ 80 கிலோவாட். வேகம் குறைந்தால் தேவை குறைகிறது; ஆனால் இன்னும் தாழ்ந்த கியரில் எஞ்சின் அதே சுழற்சியில் ஓடுவதால் அதன் தடுப்பாற்றல் குறைவதில்லை. ஆகவே ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு எடைக்கும், எஞ்சின் மட்டுமே பெரும்பாலும் தாங்கிப் பிடிக்கக்கூடிய ஒரு வேகம் இருக்கிறது. அந்த வேகத்தை உச்சியிலேயே பிடித்துவிட்டால் பிரேக்குகள் குளிர்ந்தே இருக்கும். அதைத் தாண்டி வேகமெடுத்தபின் குறைந்த கியருக்கு மாற முயன்றால், ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி எஞ்சினைக் காப்பதற்காக மறுத்துவிடக்கூடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய விதியும் இன்று போதாது. புதிய வண்டிகளில் உராய்வு குறைவு, எஞ்சினின் வலிமை அதிகம். அதனால் ஏறியதைவிடத் தாழ்ந்த கியர் தேவைப்படலாம் என்று அமெரிக்க வணிக ஓட்டுநர் கையேடே சொல்கிறது.

நியூட்ரலில் இறங்குவது இதற்கு நேர் எதிரான செயல். தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கிய லாரிகள் விபத்துக்குள்ளானது தமிழ் வாசகர்கள் அறிந்த செய்தி. அந்தச் சிக்கனமும் பொய்க்கணக்குதான். இன்றைய எஞ்சின்கள் கியரில் இருக்க, ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டால், எரிபொருள் தெளிப்பை நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்க எரிபொருள் தேவைப்படுகிறது.

பிரேக்கை மிதிக்கும் முறை

சரியான கியரில் இருந்தும் வேகம் கூடினால் பிரேக் வேண்டும். மெல்ல, விடாமல் மிதித்துக்கொண்டே இறங்க வேண்டும் என்பது ஒரு காலத்துப் பாடம். இன்றைய கையேடு வேறுவிதமாகக் கற்பிக்கிறது. பாதுகாப்பான வேகம் மணிக்கு 40 மைல் என்றால், அந்த வேகத்தை எட்டும்வரை பிரேக்கைத் தொடாமல், எட்டியதும் உறுதியாக மிதித்து 35 மைலுக்குக் குறைத்து, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். ஒரு முறை மிதிப்பது ஏறத்தாழ 3 விநாடிக்குள் முடிய வேண்டும். இரு முறைகளிலும் பிரேக்குகள் வாங்கும் மொத்த வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றே என்று சிலர் மறுப்பார்கள். அது உண்மைதான். ஆனால் மெல்லிய அழுத்தத்தில் எல்லாச் சக்கரங்களும் சமமாக உழைப்பதில்லை. முதலில் பிடிக்கும் ஓரிரு பிரேக்குகளே பெரும்பங்கு வெப்பத்தை வாங்கிக் கருகுகின்றன. உறுதியாக மிதிக்கும்போது வேலை எல்லாச் சக்கரங்களுக்கும் பகிர்ந்து போகிறது. டிரக்கில் ஹைட்ராலிக் பிரேக்கும் டிரெய்லரில் மின்காந்த டிரம் பிரேக்கும் என இருவகை அமைப்புகள் சேர்ந்து இயங்கும் வண்டிக்கு இந்தப் பகிர்வு மிகவும் தேவை.

மறுப்புகள்

இழுவைப் பயன்முறையும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் கொண்ட புதிய டிரக் தானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பது பரவலான நம்பிக்கை. அவை பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் எஞ்சினின் தடுப்பு டிரக்கின் இயக்கு சக்கரங்களில், பெரும்பாலும் பின்சக்கரங்களில் மட்டுமே, செயல்படுகிறது. மழையிலும் பனியிலும் அந்தச் சக்கரங்கள் பிடிப்பிழந்தால், பின்னாலிருந்து தள்ளும் டிரெய்லர் டிரக்கை மடக்கிவிடும். வழுக்கும் சாலையில் எக்ஸாஸ்ட் பிரேக்கை அணைத்துவிட்டு இன்னும் மெதுவாக இறங்குவதும், டிரெய்லரின் பிரேக் சரியாக வேலை செய்வதை உறுதிப்படுத்திக்கொள்வதும் இதனால்தான் அவசியம். அதிகச் சுழற்சி எஞ்சினைக் கெடுக்கும், பிரேக் மாற்றுவதே மலிவு என்ற வாதமும் உண்டு. எரிபொருள் எரியாமல், சிவப்புக் கோட்டுக்குக் கீழே சுழலும் எஞ்சின் தன் வடிவமைப்புக்குள்தான் இயங்குகிறது. அதன் இரைச்சல் பழுதின் அடையாளம் அன்று.

வலுவான மறுப்பு ஒன்று இயற்பியலிலிருந்தே வருகிறது. வேகம் கூடினால் காற்றின் தடையும் பெருகுமே, மெதுவாக இறங்கினால் பிரேக்கும் எஞ்சினும்தானே அந்தப் பங்கையும் சுமக்க வேண்டும்? கணக்கு சரி. ஆனால் காற்று சுமையை வாங்கும் அந்த வேகத்தில் மலைச்சாலையின் வளைவுகளைத் திரும்ப முடியாது. எதிரே ஒரு வண்டி நின்றிருந்தால் நிறுத்தவும் முடியாது. மெதுவாகச் செல்வது பின்னால் வருவோருக்கு இடையூறு என்ற குறைக்கோ சாலையே விடை வைத்திருக்கிறது. வலது ஓரத் தடத்தில், தேவையான இடங்களில் எச்சரிக்கை விளக்குகளை ஒளிரவிட்டு, மெதுவாக இறங்குவது அங்கே கனரக வண்டிகளின் வழக்கம்.

முன்னேற்பாடும் இறுதி வழியும்

புறப்படுமுன் எடைமேடையில் எடை பார்த்து, டிரக்கின் தாங்குதிறனுக்குள் இருக்கிறதா என்று அறிய வேண்டும். தேவையில்லாத தண்ணீரைத் தொட்டியிலிருந்து இறக்கிவிடலாம். 230 லிட்டர் என்பது 230 கிலோ. கிங்பின் பூட்டு, மின்னிணைப்பு, டயர்களின் காற்று, டிரெய்லர் தனியே கழன்றால் பிரேக் போடும் சாதனத்தின் பேட்டரி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். டிரெய்லர் பிரேக்கின் வலுவை, சக்கரம் பூட்டிக்கொள்ளாத அளவுக்குச் சமதளத்திலேயே சரிசெய்துகொள்ள வேண்டும். வழியைத் தேர்வதும் முன்னேற்பாடுதான். வயோமிங் மாநிலத்தில் 10 விழுக்காட்டுச் சரிவுள்ள டீட்டன் கணவாய் போன்ற சாலைகளைச் சுற்றிக்கொண்டு போவது கோழைத்தனம் ஆகாது.

எல்லாம் தவறினால், சரளைக் கற்கள் நிரப்பிய அவசர ஒதுங்குதடம் இருக்கிறது. வண்டி சேதமாகும், செலவாகும் என்று தயங்கி அதைக் கடந்துபோவதுதான் பெரும்பிழை. 2019 ஏப்ரல் 25 அன்று கொலராடோவில் இன்டர்ஸ்டேட் 70 நெடுஞ்சாலையில், பிரேக் இழந்து மலையிறங்கிய மரச் சரக்கு லாரி ஒன்று ஒதுங்குதடத்தைக் கடந்து வந்து, லேக்வுட் அருகே தேங்கி நின்ற வண்டிகள்மேல் மோதியதில் நால்வர் இறந்தனர். அதை ஓட்டியவர் வணிக உரிமம் பெற்றவர். நடமாடும் வீட்டை இழுப்பவருக்கோ பல மாநிலங்களில் சாதாரண உரிமமே போதும். கலிஃபோர்னியாவோ 15,000 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 6,800 கிலோவுக்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு வணிகம் சாரா ஏ வகுப்பு உரிமத்தைக் கேட்கிறது. இத்தகைய விதி இல்லாத மாநிலங்களும் இதைப் பின்பற்றுவதே நியாயம். அதுவரை, இந்த வண்டியை வாங்குபவர் ஒவ்வொருவரும் உச்சியில் வேகத்தைக் குறைத்து, தாழ்ந்த கியருக்கு மாறிய பின்னரே இறங்கத் தொடங்குவதைத் தமக்குத் தாமே சட்டமாக விதித்துக்கொள்ள வேண்டும்.