லூயிஸ் வெய்னின் எட்டுப் பூனைகள்

உளவியல் பாடப்புத்தகங்களில் பல ஆண்டுகளாக இடம்பெற்று வந்த ஒரு படவரிசை உண்டு. மொத்தம் எட்டு ஓவியங்கள், எல்லாமே பூனைகள். முதல் பூனை வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பது போலச் சாதுவாக இருக்கும். போகப் போகக் கண்கள் பெரிதாகி முறைக்கும். பிறகு ரோமம் தீப்பிழம்பு போலச் சிலிர்த்து நிற்கும். கடைசிப் படத்தில் பூனையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஏதோ வண்ணக் கோலம் மாதிரி இருக்கும். மனச்சிதைவு நோய் ஓர் ஓவியரின் மனதைப் படிப்படியாக எப்படி அழித்தது என்பதற்கு இதுவே சாட்சி என்று சொல்லி வந்தார்கள்.

அந்த ஓவியர் லூயிஸ் வெய்ன். அவருக்கு மனநோய் இருந்தது உண்மை. ஆனால் அந்த வரிசை உண்மையா என்பதுதான் கேள்வி.

வெய்ன் 1860-இல் லண்டனில் பிறந்தவர். அப்பா துணி வியாபாரி. ஐந்து தங்கைகளுக்கு ஒரே அண்ணன். அவருக்கு இருபது வயதானபோது அப்பா இறந்துவிட, அம்மாவையும் தங்கைகளையும் காப்பாற்றும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த எமிலியை 1884-இல் திருமணம் செய்துகொண்டார். எமிலி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம்!

விரைவிலேயே எமிலிக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. படுக்கையில் கிடந்த மனைவியைச் சிரிக்க வைப்பதற்காக, வீட்டில் வளர்ந்த பீட்டர் என்ற கறுப்பு வெள்ளைப் பூனையை வெய்ன் விதவிதமாக வரைந்து காட்டினார். 1886-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகையில், சுமார் 150 பூனைகள் விருந்து கொண்டாடும் படம் வெளியாகி அவரைப் புகழ் பெற வைத்தது. 1887 தொடக்கத்தில் எமிலி இறந்துபோனார்.

அதற்குப் பிறகு வெய்னின் பூனைகள் இரண்டு காலில் நடந்தன, கோட்டு போட்டன, டீ குடித்தன, சீட்டு ஆடின. வாழ்த்து அட்டை, குழந்தைகள் புத்தகம், பத்திரிகை என்று இங்கிலாந்து முழுவதும் அவருடைய பூனைகள்தான்.

இவ்வளவு புகழ் பெற்றவர் பணக்காரராகியிருக்க வேண்டுமே? இல்லை. படத்தை விற்கும்போது பதிப்புரிமையையும் சேர்த்தே விற்றுவிடுவார். ஒரே படத்தைப் பதிப்பாளர்கள் எத்தனை முறை அச்சடித்தாலும் அவருக்கு ஒரு பைசா வராது. 1907-இல் நியூயார்க் போய் அங்கேயும் பத்திரிகைகளுக்கு வரைந்தார், ஆனால் கையில் பணமில்லாமல்தான் திரும்பினார். முதல் உலகப் போர் வந்ததும் காகிதத் தட்டுப்பாடு, புத்தகங்கள் குறைந்தன, வருமானமும் நின்றது.

குடும்பத்தில் மனநோய் புதிதல்ல. கடைசித் தங்கை மேரி மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 1913-இல் இறந்தார். வெய்னுக்கும் மெல்ல மெல்லச் சந்தேகங்கள் வளர்ந்தன. கூடவே இருந்த தங்கைகள் மீதே கோபம் திரும்பி, கை ஓங்கும் அளவுக்குப் போனது. 1924-இல் ஸ்பிரிங்ஃபீல்டு மனநல மருத்துவமனையில், ஏழைகளுக்கான பொது வார்டில் அவரைச் சேர்த்தார்கள். பெயர் தெரியாத நாடே இல்லை என்று இருந்தவர், யார் என்றே தெரியாமல் ஓர் ஆண்டு அங்கே கிடந்தார்.

1925-இல் மருத்துவமனையைப் பார்வையிட வந்த டான் ரைடர் என்ற புத்தகக் கடைக்காரர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். உடனே நிதி திரட்டப்பட்டது. எழுத்தாளர் ஹெச்.ஜி.வெல்ஸ் அவருக்காகக் குரல் கொடுத்தார். வெய்ன் பெத்லெம் மருத்துவமனைக்கும், 1930-இல் தோட்டமும் பூனைகளும் இருந்த நேப்ஸ்பரிக்கும் மாற்றப்பட்டார். 1939-இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார்.

இப்போது அந்த எட்டுப் படங்களுக்கு வருவோம்.

வெய்ன் இறந்த அதே 1939-இல், வால்டர் மெக்லே என்ற மனநல மருத்துவர் லண்டனில் ஒரு கடையில் இந்த ஓவியங்களைப் பார்த்து வாங்கினார். மனநோய்க்கும் ஓவியத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். சாதுவான பூனையை முதலிலும் கோலப் பூனையைக் கடைசியிலும் வைத்து வரிசைப்படுத்தினார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஓவியங்களில் ஒன்றில்கூடத் தேதி கிடையாது! எது முன்னால் வரைந்தது, எது பின்னால் வரைந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நோய் முற்ற முற்ற ஓவியம் சிதையும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த முடிவுக்கு ஏற்றபடி படங்களை அடுக்கிவிட்டு, பிறகு அந்த அடுக்கையே ஆதாரமாகக் காட்டியது போல ஆகிவிட்டது.

வெய்னின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ராட்னி டேல் இந்த வரிசையை ஏற்கவில்லை. கடைசிக் காலத்திலும் வெய்ன் வழக்கமான பூனைகளை வரைந்துகொண்டுதான் இருந்தார். பெத்லெமில் இருந்தபோது கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்காக மருத்துவமனைக் கண்ணாடிகள் மீது அவர் வரைந்த குறும்புப் பூனைகள் இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கோலப் பூனைகளுக்கும் எளிய விளக்கம் உண்டு. அப்பாவின் துணி வியாபாரத்தால் சிறு வயதிலேயே துணி டிசைன்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். இடமும் வலமும் பிசகாமல், நூற்றுக்கணக்கான சிறு கோடுகளை அடுக்கி வரைவது சிதைந்துபோன கையால் ஆகிற காரியமா?

பின்னாளில் வெய்னுக்கு இருந்தது மனச்சிதைவே அல்ல, ஆஸ்பெர்கர் என்று மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மருத்துவர் வாதிட்டார். அதுவும் இறந்துபோன ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்துச் சொன்னதுதான்.

வெய்னின் துன்பம் பொய்யல்ல. பதினைந்து ஆண்டுகள் மருத்துவமனையில் கழித்தவர் அவர், அவரால் அவருடைய தங்கைகளும் துன்பப்பட்டார்கள். ஆனால் அந்தத் துன்பத்தின் நடுவிலும் அவர் என்ன வரைய வேண்டும் என்பதை அவரேதான் தீர்மானித்தார். ஒரு நாள் டீ குடிக்கும் பூனை, இன்னொரு நாள் கோலப் பூனை. நோயாளி என்று ஒருவருக்குப் பெயர் வைத்துவிட்டால், அவர் செய்வதெல்லாம் நோயின் அறிகுறியாகவே தெரிய ஆரம்பித்துவிடுகிறது. வாழ்நாளில் அவருடைய பூனைகளைப் பதிப்பாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். இறந்த பிறகு மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் படவரிசையை இனி எங்காவது பார்க்க நேர்ந்தால், எட்டுப் படங்களையும் மனதுக்குள் ஒருமுறை கலைத்துப் போட்டுப் பாருங்கள். அப்போது தெரிவது நோயின் எட்டுப் படிகள் அல்ல, ஒரே மனிதர் வரைந்த எட்டு அழகான பூனைகள்.