மோட்டார் சைக்கிள் மழை உடுப்பு: மொஸ் முதல் மலையகம் வரை

நோர்வேயில் 16 வயதானால் 125 சிசி மோட்டார் சைக்கிளுக்கு லைசென்ஸ் எடுக்கலாம். எடுத்தவர்கள் ஒஸ்லோவின் ஒக்டோபர் மழையில் ஒருமுறை நனைந்த பிறகு என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, எந்த மழை உடுப்பு வாங்கிறது?" கடைக்காரர் இதற்கு விலையைச் சொல்வார். நான் வரலாற்றைச் சொல்கிறேன். கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகிற உடுப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் வந்தவை. எது எந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தது என்று தெரிந்தால் தெரிவு செய்வது சுகம். அதோடு, இந்தக் கதையில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் அதை யாரும் சொல்லித் தரவில்லை.

1823இல் சார்ள்ஸ் மகின்ரொஷ் என்ற கிளாஸ்கோ இரசாயனவியலாளர் ஒரு துணிக்குக் காப்புரிமை எடுத்தார். அந்தக் காலத்தில் தெருவிளக்குகளுக்கு நிலக்கரியிலிருந்து வாயு எடுப்பார்கள். அதில் மிஞ்சுகிற கழிவிலிருந்து கிடைத்த நாப்தாவில் றப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் அந்தக் கோட்டு குளிரில் பலகை மாதிரி விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது, மணமும் தாங்க முடியாதது. இங்கிலாந்தில் தோமஸ் ஹான்கொக்கும் அமெரிக்காவில் சார்ள்ஸ் குட்இயரும் றப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு 1840களில் காப்புரிமை எடுத்த பிறகுதான் அது ஒழுங்காக அணியக்கூடிய பொருளானது. 1888இல் டன்லொப்பின் காற்று நிரப்பிய ரயர் வந்தது. ஓட்டுகிறவரின் கோட்டும் அவர் ஓட்டுகிற சில்லும் ஒரே மரத்தின் பாலில் செய்யப்பட்டன.

அந்த மரம் அமேசன் காட்டில் மட்டும்தான் நின்றது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை அங்கிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலும் பெரும்பங்கு, ஏறத்தாழ 1,900 கன்றுகள், கப்பலில் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். 1900க்குப் பிறகு மோட்டார் வாகனங்கள் பெருகி றப்பர் விலை ஏறியதும் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கமெல்லாம் றப்பர்த் தோட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அங்கே பால் வெட்டினார்கள்.

மலையகத் தமிழர் என்றதும் எங்களுக்குத் தேயிலைக் கூடைதான் கண்ணுக்குள் வரும். றப்பர்த் தோட்டத்தை யாரும் நினைப்பதில்லை, யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் இன்னும் குறைவு. பால் வெட்டு விடியற்காலையில் நடக்கிற வேலை. மரப்பட்டையைச் சாய்வாகச் சீவினால், அந்த வெட்டின் வழியே பால் வடிந்து சிரட்டையில் விழும். மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து போகும், சிரட்டைக்குள்ளும் தண்ணீர் சேரும். ஆகவே மழை நாளில் வெட்டு இல்லை. நாட்கூலியில் இருப்பவருக்கு வெட்டு இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று நான் விளக்கத் தேவையில்லை. பிற்காலத்தில் வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றி ஒரு பொலித்தீன் பாவாடை கட்டும் முறை வந்தது. மரத்துக்கே ஒரு மழைக்கோட்டு!

மனிதருக்கு? அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்தது கம்பளி. மழைக்கும் அதுதான், குளிருக்கும் அதுதான், இரவில் போர்வையும் அதுதான். அதன் விலையையும் துரைமார் தொழிலாளியின் கணக்கில் எழுதிக் கழித்தார்கள். நனைந்த கம்பளியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் பாரம் தெரியும். தேயிலை மலைகளில் பெண்கள் இன்றும் இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டுதான் கொழுந்து பறிக்கிறார்கள்.

இனி நோர்வே. இங்கே றப்பர் மரம் இல்லை, ஆனால் எண்ணெய் இருந்தது. ஒஸ்லோவிலிருந்து மொஸ்ஸவையன் வழியாகக் கடலோரம் தெற்கே போனால் சுமார் 60 கிலோமீற்றரில் மொஸ் நகரம் வரும். 1877இல் அங்கே ஹெல்லி யூல் ஹான்சன் என்ற கப்பல் தலைவரும் மனைவி மார்கிரெத்தவும் லினன் துணியை ஆளிவிதை எண்ணெயில் தோய்த்து, கோட்டும் களிசானும் தொப்பியும் தைத்து விற்கத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே பரிஸ் உலகக் கண்காட்சியில் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. கடலில் வேலை செய்கிறவருக்கு அது உயிர்க்காப்பு. ஆனால் எண்ணெய்த் துணி விறைக்கும், மடித்த இடத்தில் வெடிக்கும். நன்றாகக் காயாமல் மடித்துக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். மழைக்கோட்டு தீப்பிடிப்பது என்பது பகிடி மாதிரி இருந்தாலும் உண்மை.

1949இல் அதே நிறுவனம் பிவிசி பிளாஸ்டிக் தாளில் மழை உடுப்புச் செய்யத் தொடங்கியது. எண்ணெய் போய்விட்டது, ஆனால் "ஒல்யெஹீரெ", அதாவது எண்ணெய் உடுப்பு, என்ற பெயர் போகவில்லை. அப்பா 80களின் கடைசியில் பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தபோது போட்டதும் அந்தப் பெயருள்ள பிளாஸ்டிக்தான். "வெளித் தண்ணி உள்ளுக்க வராது தம்பி. உள்ளுக்க இருக்கிற தண்ணிதான் வெளிய போகாது" என்பார். மகின்ரொஷ் தொடங்கி எல்லாருக்கும் இருந்த சிக்கலை அவர் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டார்.

மோட்டார் சைக்கிள்காரர்கள் அந்தக் காலத்தில் வேறு வழி போனார்கள். இங்கிலாந்தில் பார்பர் நிறுவனம் 1936இல் ஆறு நாள் போட்டி ஓட்டத்துக்காக மெழுகு பூசிய பருத்தி உடுப்பு தைத்தது. பெல்ஸ்டாஃபின் மெழுகுக் கோட்டும் அதே குடும்பம். மெழுகுத் துணி கொஞ்சம் மூச்சு விடும், பற்றையில் கீறினாலும் கிழியாது. வடிவாகவும் இருக்கும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் வருடா வருடம் மெழுகு பூசவேண்டும், நீண்ட மழைக்குத் தாங்காது, பக்கத்தில் இருப்பவரின் உடுப்பிலும் ஒட்டும்.

1969இல் அமெரிக்காவில் பொப் கோர், பிரிஎஃப்இ என்ற பிளாஸ்டிக்கைச் சூடாக்கி மெதுவாக இழுத்துப் பார்த்தார், அது அறுந்துகொண்டே இருந்தது. எரிச்சலில் வெடுக்கென்று இழுத்தார். அது பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த சவ்வானது. அதுதான் கோர்-டெக்ஸ். மழைத்துளி புகாது, ஆனால் வியர்வை ஆவியாக வெளியேறலாம். 1976இலிருந்து விற்பனைக்கு வந்தது. விளம்பரம் சொல்லாத ஒன்று: உள்ளே சூடும் ஈரமும் வெளியே இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் ஆவி வெளியே போகும். ஐந்து பாகை ஒஸ்லோவில் அது வேலை செய்யும். மாரி காலத்து யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் செய்யாது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது விலைகூடிய கோட்டைக் காவிக்கொண்டு போகாதீர்கள்.

சரி, வாங்குவோம். ஐந்து பாகைக் குளிரில் 80 கிலோமீற்றர் வேகத்தில் போனால் உடம்புக்கு அது சைபருக்குக் கீழே மூன்று பாகை மாதிரி. நனைந்திருந்தால் இன்னும் மோசம். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்கப் பிந்தும். மழை உடுப்பு வெறும் சொகுசுப் பொருள் இல்லை என்பதற்கு அது போதும்.

பள்ளிக்கும் பகுதிநேர வேலைக்கும் ஓடுகிறவருக்கு, பாதுகாப்பு ஜாக்கெட்டுக்கு மேலால் போடுகிற மெல்லிய பிளாஸ்டிக் உடுப்பே போதும் என்பது என் எண்ணம். சில நூறு குரோணர்தான். ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள், நிறம் மஞ்சளாக இருக்கட்டும். களிசான் சைலன்சரில் பட்டால் உருகும், கவனம். மிஞ்சுகிற காசை நல்ல தண்ணீர் புகாத கையுறையில் போடுங்கள். உள்ளே மட்டும் சவ்வு வைத்த ஜாக்கெட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். உடம்பு நனையாது, ஆனால் வெளித்துணி தண்ணீரைக் குடித்து, கம்பளியைப் போலவே பாரமாகிக் குளிரும். சவ்வை வெளித்துணியோடு சேர்த்து ஒட்டியது நல்லது, ஆனால் விலை பல ஆயிரம். தினமும் தூர ஓடுகிறவருக்கு அது சரி.

கடையில் மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்து பாருங்கள். மடியில் துணி குழியாக மடிகிறதா? அங்கேதான் தண்ணீர் குளம் கட்டி, தையல் வழியே இறங்கும். தையலின் உட்பக்கம் ரேப் ஒட்டியிருக்கவேண்டும். லேபலில் குடைப் படமும் ஈஎன் 343 என்ற எண்ணும் இருந்தால், மேலே உள்ள இலக்கம் தண்ணீரைத் தடுக்கும் அளவு, அதற்குக் கீழே உள்ளது ஆவியை விடும் அளவு. இரண்டுக்கும் உச்சம் 4.

இன்னொன்றும் கேளுங்கள்: "இதில் பிஃபாஸ் இருக்கிறதா?" தண்ணீர் ஒட்டாமலிருக்கப் பல காலம் பூசிய இந்த இரசாயனங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் அழிவதில்லை. அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏயை நோர்வே 2014இல் நுகர்வுப் பொருட்களில் தடைசெய்தது. 2023 ஜனவரியில் நோர்வேயும் வேறு நான்கு நாடுகளும் சேர்ந்து, அந்தக் குடும்பம் முழுவதையும் கட்டுப்படுத்தும்படி ஐரோப்பிய இரசாயன முகவரகத்திடம் முன்மொழிவு கொடுத்தன. கோர் நிறுவனமும் 2022 முதல் வேறு பிளாஸ்டிக்கில் சவ்வு செய்கிறது. கேள்விக்குக் கடைக்காரரிடம் பதில் இல்லையென்றால், லேபலைத் திருப்பி நீங்களே வாசியுங்கள்.