ஏரியும் சேரியும்: செங்கல்பட்டில் மழைநீர் போகும் வழி



காரணையில் நிலம் கேட்டு உயிர்விட்டவர்களின் நினைவில் கூடியிருக்கும் இந்த அரங்கில் மழைநீர் வடிகாலைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் வியந்தார்கள். நிலத்தைப் பற்றிப் பேசவேண்டிய மேடையில் வாய்க்கால் பேச்சு எதற்கு என்று ஒரு தோழர் வெளிப்படையாகவே கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே வைக்கிறோம்.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் இருக்கிறது. கதை எல்லோருக்கும் தெரியும். 1794 முதல் 1798 வரை இந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், மழை கொட்டும் இரவில் கரை உடையுமோ என்று பார்க்கப் போனார். வில்லோடு இரண்டு வீரர்கள் கரைமேல் காவல் நிற்பதைக் கண்டார். மறுநாள் கரை நின்றது. நமக்கு அந்தக் கதையில் பகை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கரைமேல் வேறு யாராவது நின்றிருந்தார்களா என்று கேட்கவேண்டியிருக்கிறது. மண் சுமந்தது யார்? வைக்கோற்பிரியும் முள்ளும் போட்டு உடைப்பை அடைத்தது யார்?

இதற்குப் பதில் கதையில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம், சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரிக்கரைக்கு ஆபத்து என்று அதிகாரி கருதினால், சுற்றுவட்டாரத்தில் உள்ள உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்கள் எல்லோரையும் கிராமத் தலைவர் மூலம் வரவழைக்கலாம். வராதவர் தண்டனைக்கு உரியவர். ஏரியில் நீர் நின்றால் பயிரிடுவது மிராசுதாரர். ஏரி உடைந்தால் வந்து நிற்கவேண்டியது உழைக்கும் வகுப்பு. அந்த வகுப்பு எது என்று செங்கல்பட்டில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய தேவை இருக்கவில்லை. அதற்கும் முன்பே, 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி, தாழ்ந்த சாதியார் என்று கருதப்பட்டவர்களைத் தொழுக்கட்டையில் மாட்டும் அதிகாரத்தைக் கிராம முன்சீப்புக்குத் தந்திருந்தது. குடிமராமத்து என்ற சொல்லை இன்று பலரும் ஏக்கத்தோடு உச்சரிக்கிறார்கள். ஊர் கூடி ஏரி காத்த பொற்காலம் என்கிறார்கள். தொழுக்கட்டையையும் சேர்த்தே அதை நினைக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ‘வெட்டி’ என்ற சொல்லுக்கு இன்று பயனற்றது, வேலையற்றது என்று பொருள். சோழர் கல்வெட்டுகளில் அது கூலியில்லா உழைப்பு. நம் பாட்டன்கள் செய்த வேலையின் பெயர், வேலை செய்யாதவனைக் குறிக்கும் சொல்லாக மாறிப்போனது.

இன்னும் பின்னால் போகலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, முதலாம் பராந்தகன் காலத்தவை. குடவோலை முறையையும் ஏரி வாரியத்தையும் அவை விவரிக்கின்றன. பாடப்புத்தகத்தில் இதை ஜனநாயகத்தின் தொட்டில் என்று படித்தோம். குடத்தில் ஓலை இடப்படுவதற்கு வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். ஏரியைத் தூர்வாரியவர்களுக்கு இந்த மூன்றில் எது இருந்திருக்கும்? ஏறக்குறைய நூறு ஆண்டுக்குப் பின், முதலாம் ராஜராஜனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகள் வரியில்லா நிலங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. வாய்க்காலும் பறைச்சேரியும் ஒரே பட்டியலில் வருகின்றன. இன்றைய வருவாய்த் துறையின் புறம்போக்குப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான்.

இந்த மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். ஊர்ப்பெயர்களில் பாதி ஏரி, தாங்கல், பாக்கம் என்று முடியும். இங்கே ஏரிகள் தனித்தனியாக இல்லை; கோத்துக் கட்டிய சங்கிலி. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து போக்குக்கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்கு வரத்தாகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே. மேற்கில் ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் அடையாற்றுக்குப் போகும். கிழக்கில் செம்பாக்கம், நன்மங்கலம், பெரும்பாக்கம் என்று இறங்கி பள்ளிக்கரணைக் கழிவெளியில் பரவி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலைத் தொடும். ஊர் மேட்டில் இருக்கும். கரைக்குக் கீழே ஆயக்கட்டு வயல். வயலை ஒட்டிய பள்ளத்தில், பெரும்பாலான கிராமங்களில், சேரி. ஊரின் மழைநீரும் அழுக்குநீரும் தெரு வழியே வந்து சேரும் இடம் அது. கலங்கல் சீறினால் முதலில் நனையும் வாசலும் அதுவே.

மடை திறக்கவும் அடைக்கவும் தெரிந்தவரை நீர்க்கட்டி என்றும் கம்புகட்டி என்றும் சொல்வார்கள். பல ஊர்களில் அந்தப் பொறுப்பு தலித் குடும்பங்களிடம் இருந்தது. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த மழைக்கு எந்தக் கலங்கல் எவ்வளவு உயரம் வழியும் என்பது அவர்களுக்குக் கைப்பாடம். நீரைப் பங்கிட்டவருக்கு நீரில் பங்கு இருந்ததில்லை. களத்தில் அளக்கும் கொஞ்சம் நெல்தான்.

1891இல் கலெக்டர் ட்ரெமன்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர் நிலைமை குறித்து அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் கையில் இருந்ததால், வாய் திறந்தால் வீடு போகும் என்ற அடிமைத்தனத்தை அவர் பதிவு செய்தார். 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட 1010, 1010ஏ அரசாணைகள் அதன் தொடர்ச்சியாக வந்தன. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இதைத்தான். தலித் அல்லாதார் கைக்கு மாறக்கூடாது என்ற நிபந்தனையோடு வழங்கப்பட்ட நிலம், மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. ஒரு சின்ன ஒப்பீடு: வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் கேட்டு, அதே லயனல் பிளேஸிடம் கவுல் பெற்றதாகச் சொல்வார்கள். பறவைகளுக்குக் காகிதம் கிடைத்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் சேரிக்குக் கிடைத்தது. பறவைகளின் காகிதத்தை அதன்பிறகும் மதித்தார்கள். சேரியின் காகிதம் என்னவாயிற்று என்பதற்கு காரணை சாட்சி. மாமல்லபுரத்தை அடுத்த அந்த ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் நம்மைவிட்டுப் போனார்கள்.

காரணைக்குப் பிந்திய முப்பது ஆண்டுகளில் இந்த மாவட்டம் புறநகராகிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் வயல்கள் மனைகளாயின. ஆயக்கட்டு போனபின் மடைக்கு வேலையில்லை, நீர்க்கட்டிக்கும் வேலையில்லை. பாசன ஏரி வெறும் பள்ளமாயிற்று, போக்குக்கால்வாய் தெருவாயிற்று. மண் குடித்துவந்த மழையைக் கான்கிரீட் குடிப்பதில்லை. 2015 டிசம்பர் 1இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஏரிகளாயின. இயற்கைச் சீற்றம் என்று அன்று சொன்னார்கள். மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை, 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது சொன்னது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அதே பகுதிகளை மறுபடியும் முழுகடித்தது.

இப்போது ஆய்வுகள் நடக்கின்றன. சமமட்டக் கோடு வரைகிறார்கள், மழைத்தீவிரம் கணக்கிடுகிறார்கள், வடிகாலின் அகலம் ஆழம் முடிவாகிறது. சென்னை மாநகராட்சியின் கோவளம் வடிநிலப் பகுதித் திட்டத்துக்கு மட்டும் ஜெர்மன் வங்கிக் கடனோடு 1,243 கோடி ரூபாய் அளவில் மதிப்பிட்டார்கள். அதில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணற்பகுதிக்கு வடிகாலே தேவையில்லை, மணல் தானாகக் குடித்துக்கொள்ளும், நிலத்தடி நீர் வீணாகும் என்று அங்குள்ள மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் வாதாடினார்கள். வாதம் சரியானதுதான். நமக்கு உறைத்தது வேறொன்று. வேண்டாத இடத்து வடிகாலைத் தடுக்க வழக்கறிஞர் கிடைக்கிறார். வேண்டிய இடத்துக்கு வடிகால் கேட்டு ஆண்டுக்கணக்கில் மனு எழுதும் சேரிக்குக் கிடைப்பதில்லை.

நமக்கு முக்கியமானது ஆக்கிரமிப்பு என்ற சொல். 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. சட்டத்தின் நோக்கத்தை நாம் எதிர்க்கவில்லை. ஏரி அழிந்தால் முதலில் மூழ்குவது நாம்தான். ஆனால் புறம்போக்கில் ஏன் குடியிருக்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. நத்தம் மறுக்கப்பட்டவர்கள், பஞ்சமி நிலம் பறிக்கப்பட்டவர்கள், பட்டணத்துக்கு வந்து ஆற்றோரம் ஒதுங்கினார்கள். வேறு எங்கே இடம் விட்டிருந்தார்கள்? ஏரிக்குள் அரசே அலுவலகமும் பேருந்து நிலையமும் கட்டிய ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. அவற்றை நீர்நிலை என்று யாரும் இடிப்பதில்லை. அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் 2025 மே மாதம் இடிக்கப்பட்டன. மூன்று தலைமுறையாக இருந்தவர்கள், வரி கட்டியவர்கள், மின் இணைப்பு பெற்றவர்கள்.

இடித்தபின் எங்கே அனுப்புகிறார்கள் என்பதை வரைபடத்தில் பாருங்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். மூன்றுமே பள்ளிக்கரணைக் கழிவெளியின் தாழ்நிலத்தை ஒட்டியவை. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல் விரிந்து, பல பத்து ஏரிகளின் உபரிநீரை வாங்கி வைத்திருந்து மெல்ல வெளியேற்றிய நிலம் அது. எஞ்சியதை 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். வெள்ள அபாயம் என்று சொல்லி ஆற்றோரத்திலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள், ஏரிச்சங்கிலியின் கடைசிக் கண்ணியில் கொண்டுபோய் வைக்கப்பட்டார்கள். கனமழை பெய்தால் தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர். படியேறிப் போய் மேல்வீட்டில் பாய் விரிக்கிறார்கள். கிராமத்தில் ஊருக்குக் கீழே பள்ளத்தில் சேரி இருந்தது. மாநகரம் தன் அளவுக்கு அதையே பெரிதாகக் கட்டிக்கொண்டது, எட்டு மாடி உயரத்துக்கு. திட்ட அறிக்கைகள் இதை மீள்குடியேற்றம் என்கின்றன.

வடிகாலில் இறங்குவது யார் என்பதையும் எந்தத் திட்ட அறிக்கையும் எழுதுவதில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத புறநகரில் மழைநீர் வடிகாலில் கழிவுநீர்தான் ஓடுகிறது. அடைத்துக்கொண்டால் ஆள் இறங்கவேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றிச் சாக்கடையில் மனிதரை இறக்குவதைத் தடைசெய்கிறது. இறப்புக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் உயர்த்தியது 2023இல். ஒரு வடிகாலை வடிவமைக்கும்போதே அதை இயந்திரம் சுத்தம் செய்ய முடியுமா என்று கேட்பது பொறியியல் கேள்விதான். கேட்பதற்கு ஆளில்லை.

கடற்கரைப் பக்கம் இன்னொரு திட்டம். கோவளம் அருகே 1.6 டி.எம்.சி. கொள்ளும் நீர்த்தேக்கம் என்று 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். சென்னைக்குக் குடிநீர். உப்பும் நன்னீரும் கலக்கும் அந்தக் கழிமுகத்தில் இறால் பிடிக்கும் மீனவர்களும், சேற்றில் கைவிட்டுத் தடவிப் பிடிக்கும் இருளர்களும் நன்னீர் தேங்கினால் எதைப் பிடிப்பார்கள் என்பது நீரியல் கணக்கில் வராத கேள்வி.

அண்ணல் அம்பேத்கரை மகாத் குளத்தோடு நினைப்பது நம் வழக்கம். 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்ததையும் சேர்த்து நினைக்கவேண்டும். தாமோதர் பள்ளத்தாக்குக்காக, ஆற்றுப்படுகை முழுவதையும் ஒரே அலகாகத் திட்டமிடவேண்டும் என்று வாதாடியவர் அவர். நீரைத் தொடும் உரிமையிலிருந்து நீரைத் திட்டமிடும் அதிகாரத்துக்கு அவர் போனார். நாம் இன்னும் மனு கொடுக்கும் வரிசையில் நிற்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் ஊர் ‘அ’ பதிவேட்டை எடுங்கள். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தியதையும் பிந்தியதையும் பக்கத்தில் பக்கம் வையுங்கள். ஓடை என்றிருந்த புல எண் எப்போது பட்டாவாயிற்று, பஞ்சமி என்றிருந்தது எப்போது வெறும் புஞ்சையாயிற்று என்று குறியுங்கள். இரண்டும் அடுத்தடுத்த எண்களாக இருக்கக்கூடும். பிறகு சேரியில் வயதானவர் ஒருவரை அழைத்துக்கொண்டு கலங்கலிலிருந்து கீழே நடங்கள்.

நாங்கள் அப்படி ஒருமுறை நடந்தோம். திருப்போரூர் பக்கம், போன கார்த்திகையில். பெரியவருக்கு எண்பது வயதிருக்கும்; அப்பா கம்புகட்டி. புதிதாகக் கட்டிய வடிகாலின் முன் நின்று கைத்தடியால் எதிர்ப்பக்கம் காட்டினார். “தண்ணி அப்படித்தாம்பா போவும். இவங்க இப்படி கட்டிட்டாங்க.” அளக்க வந்தவர்கள் உங்களைக் கேட்கவில்லையா ஐயா என்றோம். “வந்தாங்க. டீ வாங்கியாரச் சொன்னாங்க,” என்றார். எங்களிடமிருந்த வரைபடத்தில் அவர் காட்டிய வழியைப் பென்சிலால் வரைந்தோம். அந்தக் கோடு மூன்று வீட்டுமனைப் பிரிவுகளையும் ஒரு கல்யாண மண்டபத்தையும் கடந்து போகிறது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்தப் புல எண்களைக் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.