தொப்பிச் சின்னம் கூறும் காலம்



ஆண்டு பொறிக்கப்படாத ஒரு கல்வெட்டுக் கிடைத்தால், அதன் எழுத்து வடிவத்தைக் கொண்டும், அதிலே கூறப்படும் மன்னன் பெயரைக் கொண்டும் காலத்தைக் கணிப்பது வரலாற்று ஆசிரியரின் வழக்கம். படைவீரர் தம் தொப்பியிலே அணிந்த உலோகச் சின்னங்களையும் இவ்வாறே ஆராய்தல் வேண்டும். தபால்தலையும் நாணயமும் சேர்ப்போரைப் போல, இவற்றைச் சேர்ப்போரும் உலகிற் பலர். அவர்கள் பெரிதும் விரும்பிச் சேர்க்கும் பிரித்தானியப் படைச் சின்னங்களின் காலத்தை அறியும் முறையினை இன்று நோக்குவோம்.

சின்னத்தின் காலத்தைக் கூற நான்கு சாட்சிகள் உள. அவை முடி, பெயர், உலோகம், பின்புறம் என்பன. இவற்றுள் ஒன்றை மட்டும் நம்புவோன் ஏமாறுவான். நான்கும் ஒத்துரைக்கும்போதே தீர்ப்புக் கூறலாம்.

முதலாவது சாட்சி மணிமுடி. 1901ஆம் ஆண்டில் விக்ரோறியா மகாராணியார் காலமான பின், ஏழாம் எட்வேட் மன்னர் டியூடர் முடியின் வடிவத்தை ஏற்றார். இதன் வளைவுகள் இரு புறமும் குழிவின்றி உயர்ந்து, கவிழ்த்த கிண்ணம்போல் உச்சியிற் கூடும். 1952இல் அரியணை ஏறிய இரண்டாம் எலிசபெத் மகாராணியார் புனித எட்வேட் முடியைத் தெரிந்தார். இதன் வளைவுகள் உச்சியருகே சற்றுக் கீழே தாழ்ந்து குழியும். ஆகவே, டியூடர் முடி மன்னர் காலத்தது, குழிந்த முடி மகாராணியார் காலத்தது என்பது பொது விதி.

ஆயின் இவ்விதியில் இரண்டு இடர்கள் உள. விக்ரோறியா காலத்து முடியிலும் உச்சியிற் சிறு குழிவு உண்டு; ஆதலாற் புதிதாகச் சேர்ப்போர் அதனை எலிசபெத் காலத்து முடி என மயங்குவர். மேலும், 2022இல் மூன்றாம் சாள்ஸ் மன்னர் மீண்டும் டியூடர் முடியையே தெரிந்துகொண்டார். எனவே டியூடர் முடி ஒன்றே ஒரு சின்னத்தின் பழைமைக்குச் சான்றாகாது. அன்றியும், முடி மாறிய அன்றே பழைய சின்னங்கள் எல்லாம் கழற்றப்பட்டதில்லை; அவை சில காலம் பாவனையில் இருந்தன. ஆகையால் முடி நமக்குத் தொடக்க எல்லையையே உறுதியாகக் கூறும், முடிவெல்லையைக் கூறாது.

சில சின்னங்களில் முடியுடன் அரசரின் பெயரெழுத்துக்களும் காணப்படும். பொறியியற் படையின் சின்னம் இதற்கு நல்ல உதாரணம். அதன் நடுவேயுள்ள எழுத்துக்கள் ஆட்சிக்கு ஆட்சி மாறின. ஐந்தாம் ஜோர்ஜின் எழுத்து இருப்பின் அது 1910க்கும் 1936க்கும் இடைப்பட்ட ஆட்சியைக் குறிக்கும். ஆறாம் ஜோர்ஜின் எழுத்து 1936 முதல் 1952 வரையுள்ள ஆட்சியைக் குறிக்கும். எட்டாம் எட்வேட் 1936இல் ஓராண்டும் நிரம்பாமலே முடி துறந்தவர். அவருடைய எழுத்துள்ள சின்னம் என்று ஒருவர் விற்க வந்தால், விலை பேசுமுன் நன்றாகச் சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது சாட்சி பெயர். 1881ஆம் ஆண்டிலே பிரித்தானியக் காலாட்படை சீரமைக்கப்பட்டது. அதுவரை முதன்மையாக எண்களால் வழங்கிய படையணிகள் மாவட்டப் பெயர்களைத் தாங்கின. எனவே எண்ணை மட்டும் தாங்கிய சின்னம் பெரும்பாலும் அதற்கு முற்பட்டது. சில படைகளின் வாழ்நாளே குறுகியது. இயந்திரத் துப்பாக்கிப் படை 1915இல் அமைக்கப்பட்டு 1922இற் கலைக்கப்பட்டது. நம் நாட்டிலும் இவ்வாறான எல்லைகள் உள. இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை 1900இல் தோன்றி 1949இல் மறைந்தது. நாடு குடியரசாகிய 1972இலே, இலகு காலாட்படையின் ஆங்கிலப் பெயரிலிருந்த ‘சிலோன்’ என்னும் சொல் ‘சிறீ லங்கா’ என மாறிற்று.

மூன்றாவது சாட்சி உலோகம். முதலாம் உலகப் போருக்கு முன், பல சின்னங்கள் பித்தளை நிறமுடைய உலோகமும் வெள்ளி நிறமுடைய உலோகமும் சேர்த்துச் செய்யப்பட்டன. 1916இல், போர்க்காலச் சிக்கனத்தின் பொருட்டு, அவற்றுட் பல முழுவதும் பித்தளையாலேயே செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு மேலும் கடுமையாயிற்று. அப்போது பிளாஸ்ரிக் சின்னங்கள் வந்தன. 1950களிலே, துலக்க வேண்டாத பளபளப்புள்ள அலுமினியச் சின்னங்கள் பரவத் தொடங்கின. விக்ரோறியா காலத்தது என்று காட்டப்படும் சின்னம் அலுமினியமாயின், மேலும் விசாரணை வேண்டுவதில்லை.

நான்காவது சாட்சி பின்புறம். விற்பவர் முகத்தைக் காட்டுவர்; அறிந்தவர் முதுகைத் திருப்பிப் பார்ப்பர். பழைய சின்னங்களின் பின்னே இரு சிறு வளையங்கள் இருக்கும். அவற்றினூடாக ஊசி செருகித் தொப்பியிற் பூட்டுவர். தொப்பியின் பிளவிலே நுழைக்கும் நீண்ட தட்டையான உலோக நாக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் வழக்கிற்கு வந்தது. அதன் பின்னரும் சில சின்னங்களில் வளையங்கள் தொடர்ந்தன. ஆகவே நாக்கு இருப்பது காலத்தைக் கீழே கொண்டுவரும்; வளையம் இருப்பது மட்டும் காலத்தை மேலே கொண்டுசெல்லாது.

இனி, முடியே இல்லாத சின்னம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லிங்கன்ஷயர் படையணியின் சின்னத்திலே மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட எகிப்திய ஸ்பிங்ஸ் உருவமும், ‘எகிப்து’ என்ற சொல்லும் உண்டு. 1801ஆம் ஆண்டின் எகிப்தியப் போரிற் பங்குகொண்டமைக்காக அளிக்கப்பட்ட மதிப்பு அது. அதனைக் கண்டு சின்னமும் 1801இற் செய்யப்பட்டது என்று எண்ணுதல் தவறு. பழைய வெற்றியைப் பின்வந்த தலைமுறைகளும் தாங்கின. நம் கையிலுள்ளது முழுப் பித்தளையாய், பின்னே நாக்குடையதாய், ‘லிங்கன்ஷயர் றெஜிமென்ற்’ என்று மட்டும் எழுதப்பட்டதாய் இருப்பதாகக் கொள்வோம். மாவட்டப் பெயர் இருப்பதால் அது 1881க்குப் பிற்பட்டது. அப்படையணிக்கு ‘றோயல்’ என்னும் பட்டம் 1946இற் கிடைத்தது. அச்சொல் இல்லாமையால் அதற்கு முற்பட்ட வடிவம். நாக்கு, அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கு இப்பால் கொண்டுவருகின்றது. முழுப் பித்தளை, 1916ஆம் ஆண்டின் சிக்கனத்தைச் சுட்டுகின்றது. முதலாம் உலகப் போரின் பிற்பகுதி என்பது தக்க முடிபாகும். முடி பேசாதபோது மற்றைய மூன்றும் பேசின.

இத்துணையும் ஒத்திருந்தாலும் ஓர் ஐயம் எஞ்சும். அது போலியாயின் என் செய்வது? உண்மையான பழைய உலோகச் சின்னங்களிற் பெரும்பாலானவை அச்சிலே அடிக்கப்பட்டவை; அவற்றின் ஓரங்கள் கூர்மையாக இருக்கும். போலிகளிற் பல வார்த்துச் செய்யப்பட்டவை; அவற்றின் மேற்பரப்பிலே நுண்ணிய குழிகளும் மழுங்கிய கோடுகளும் தோன்றும். வீரனொருவன் பல்லாண்டு துலக்கித் தேய்ந்த சின்னமும் மழுங்கியிருக்குமே என்று கேட்கலாம். ஆயின் அந்தத் தேய்வு முன்புறத்து மேடுகளிலேதான் இருக்கும். பின்புறம் கூர்மை கெடாதிருக்கும். இரு புறமும் ஒருசேர மழுங்கியிருப்பது வார்ப்பின் அடையாளம். பின்புறத்திலே புகழ்பெற்ற உற்பத்தியாளரின் பெயர் இருப்பதும் போதாது. பெயரையும் போலியாகப் பொறிப்பது எளிது.

சின்னம் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதுபோல் இதனைத் துலக்காதீர்கள். நிறமேறிய அந்தப் பழுப்பும், தேய்வும், பின்னே ஒட்டிய நூலும் சாட்சியத்தின் பகுதிகளே. யாரிடமிருந்து வந்தது என்பதை ஒரு சிறு தாளில் எழுதி உடன் வையுங்கள். காலம் குறிக்கும்போது ஒரே ஆண்டைத் துணிந்து எழுதாது, ‘இதற்குப் பின், இதற்கு முன்’ என இரு எல்லைகளை எழுதுங்கள்.

இது விலை பற்றிய விடயம் மட்டுமன்று. பாட்டனாரின் பெட்டியிலிருந்து வந்த சின்னம் என்று ஒரு குடும்பம் பேணுவதும், அருங்காட்சியகம் கண்ணாடிக்குள் வைப்பதும், இன்ன மனிதன் இன்ன காலத்தில் இன்ன படையில் நின்றான் என்பதற்குச் சான்றாகவே. சின்னத்தைப் பிழையான காலத்தில் வைப்பது, ஒருவனை அவன் காணாத போரிலே நிறுத்துவதாகும். அன்றேல், அவன் உண்மையிற் கண்ட போரிலிருந்து அவனை நீக்குவதாகும். சிறு உலோகத் துண்டைப் பொறுமையுடன் திருப்பிப் பார்ப்பது, அம்மனிதனுக்கு நாம் செய்ய வேண்டிய நீதி.