வடகிழக்குப் பருவ முகில்கள்

வடகிழக்குப் பருவ முகில்கள் என்பவை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவின் மேல் உருவாகி, தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் மழை தரும் முகில்களாகும். திண்டுக்கல் மாவட்டத்தின் பழனி மலையும், அங்கு கொடைக்கானலுக்கு அருகிலுள்ள பள்ளங்கி போன்ற சிற்றூர்களும் இவற்றின் பாதையில் அமைந்துள்ளன. பழனி மலை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் கிளையாகும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்கேயுள்ள ஆனைமலையே பெற்றுக்கொள்வதால், இங்கு அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே மழை மிகுதி.

உருவாக்கம்

அக்டோபரில் வங்கக் கடலின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 28 °செ ஆகும். அதைத் தொட்டு நிற்கும் காற்று வெப்பமும் ஈரமும் பெற்று மேலெழுகிறது. உயரே அழுத்தம் குறைவதால் விரிந்து குளிர்கிறது. சுமார் 500 முதல் 700 மீட்டர் உயரத்தில் நீராவி கடலுப்புத் துகள்களின் மீது ஒடுங்கித் துளிகளாகிறது. முகில்களின் அடிப்பகுதி ஒரே மட்டமாக வெட்டிவைத்தது போல் தெரிவது இதனாலேயே. ஒடுங்கும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் காற்றை மேலும் உயர்த்துகிறது. எனினும் பெரும்பாலான திரள் முகில்கள் 2 அல்லது 3 கி.மீ. உயரத்தில் உலர்காற்றுடன் கலந்து கரைந்துவிடுகின்றன. சில மட்டுமே 12 கி.மீ.க்கு மேல் வளர்ந்து இடிமுகில்களாகின்றன.

கூட்டமாதல்

தனித்த இடிமுகில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அழிந்துவிடும். அவ்வழிவே அடுத்த முகிலைப் பிறப்பிப்பது வியப்புக்குரியது. பெய்யும் துளிகளில் ஒரு பகுதி ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. கனத்த அக்குளிர்காற்று கீழிறங்கிக் கடற்பரப்பில் பரவி, எதிர்ப்படும் ஈரக்காற்றை மேலே தள்ளுகிறது. அவ்விளிம்பில் புதிய முகில்கள் தோன்றுகின்றன. அவற்றின் உச்சிகள் பட்டடைக்கல் வடிவில் பரவி ஒன்றிணையும்போது நூற்றுக்கணக்கான கி.மீ. அகலமுள்ள கூட்டம் அமைகிறது. இக்கூட்டம் புவிச்சுழற்சியின் விளைவால் சுழலத் தொடங்கினால் தாழ்வழுத்தமாகவும், சில வேளைகளில் புயலாகவும் மாறும்.

மேடன், ஜூலியன் ஆகியோர் 1971 இல் விவரித்த அலைவு, 30 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறை வெப்பமண்டலக் கடல்களின் மேல் கிழக்கு நோக்கி நகர்ந்து, முகிற்கூட்டங்களைச் சில வாரங்கள் ஊக்கியும் சில வாரங்கள் அடக்கியும் வைக்கிறது. பருவமழை விட்டுவிட்டுப் பெய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழனி மலையில்

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சமவெளியைக் கடந்து மலைச்சரிவில் ஏறும்போது மீண்டும் ஒடுக்கம் நிகழ்கிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், முகிலின் அடி பல நாட்களில் ஊருக்குக் கீழேயே அமைந்துவிடுகிறது. சுற்றுலாப் பயணிகள் மூடுபனி என்று கூறுவது பெரும்பாலும் முகிலின் உட்புறமே. சோலைக்காடுகளின் இலைகளும் மரப்பாசிகளும் அதன் துளிகளைப் பிடித்து நிலத்தில் சேர்க்கின்றன. 1899 இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கோ இம்மாதங்களில் கதிரவனை நோக்கக் கிடைக்கும் நாட்கள் குறைவு.

சரிவில் படிக்கட்டு வயல்கள் அமைத்துக் காய்கறி பயிரிடும் மலையூர்களுக்கு இம்மழை தேவையானது. ஆனால் நின்று பெய்தால் மண்சரிவு உண்டாகும். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், உள்நாட்டில் வலுவிழந்த பின்னரும் கொடைக்கானல் பகுதியில் மரங்களைச் சாய்த்து மண்சரிவுகளை ஏற்படுத்தியது.